நிழல் ஜூரி அமைப்பது எப்படி: ஆள் தேடுவது முதல் தீர்ப்பு நாள் வரை

அமெரிக்காவில் இரண்டு பெரிய நிறுவனங்கள் மோதிக்கொள்ளும் சிவில் வழக்கில், பார்வையாளர் பெஞ்சுகளைத் தொடர்ந்து கவனித்தால் ஒரு விஷயம் கண்ணில் படலாம். தினமும் அதே நாலைந்து முகங்கள். தனித்தனியாக வருவார்கள், தள்ளித் தள்ளி உட்காருவார்கள், யாரோடும் பேச மாட்டார்கள். ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்கார வைக்கப்பட்ட பொதுமக்கள், எழுந்து வெளியே போனால் இவர்களும் போய்விடுவார்கள். சாயங்காலம் வீடு சேர்ந்ததும் ஒரு போன் வரும்: "இன்றைக்குக் கோர்ட்டில் என்ன நடந்தது, சொல்லுங்கள்." இதற்குச் சம்பளம் உண்டு. அதை எந்தத் தரப்பு தருகிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

இவர்கள்தான் நிழல் ஜூரி. நிஜ ஜூரியைப் போன்ற ஆட்களைத் தேடிப் பிடித்து, நிஜ ஜூரி பார்ப்பதை மட்டும் பார்க்க வைத்து, மனதில் என்ன பதிந்தது என்று அன்றன்றே கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு.

இந்தியாவில் 1959-இல் நடந்த நானாவதி கொலை வழக்குக்குப் பிறகு ஜூரி முறை கொஞ்சம் கொஞ்சமாக ஒழிந்தது. அதனால் நம் ஊர் வக்கீலுக்கு நீதிபதியின் முகக்குறி போதும். நீதிபதி குறுக்கே ஒரு கேள்வி கேட்டாலே எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அமெரிக்க வக்கீல் நிலைமை வேறு. எதிரே 6 முதல் 12 சாதாரண மனிதர்கள் வாரக்கணக்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை பேசினாலும் விதிமீறல். தலையாட்டும் ஜூரர் ஒப்புக்கொண்டு ஆட்டுகிறாரா, தூக்கத்தில் ஆடுகிறாரா என்று தெரியாது.

இந்த உத்தி 1970-களில் பெயர் வாங்கியது. கலிஃபோர்னியா கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் ஐபிஎம் மீது போட்ட ஏகபோக எதிர்ப்பு வழக்கில், டொனால்ட் வின்சன் என்ற மார்க்கெட்டிங் பேராசிரியர் ஐபிஎம் தரப்புக்காகச் சிலரைக் கோர்ட்டில் உட்கார வைத்து இரவுதோறும் விசாரித்தார். வேடிக்கை என்னவென்றால், 1977-இல் நீதிபதி அந்த வழக்கை ஜூரியிடம் விடவே இல்லை. வாதியிடம் போதிய ஆதாரம் இல்லையென்று தானே ஐபிஎம் பக்கம் முடித்துவிட்டார். ஆனாலும் உத்தி பரவியது. வின்சன் அதையே தொழிலாக்கிக்கொண்டார்.

முதல் படி: இது உங்கள் வழக்குக்குத் தேவையா?

ஒத்திகை ஜூரியும் நிழல் ஜூரியும் ஒன்றென்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒத்திகை ஜூரி வழக்கு தொடங்குவதற்கு முன்னால். வாடகை அறையில் சிலரைக் கூட்டி, இரு தரப்பு வாதத்தையும் சுருக்கிச் சொல்லி, எது எடுபடுகிறது என்று பார்ப்பது. தொலைபேசி நிறுவனமான எம்சிஐ, இன்னொரு தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி மீது சிகாகோவில் தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கு இதற்குப் பேர்போனது. எம்சிஐ வக்கீல்கள் ஒத்திகையில் நஷ்டம் 10 கோடி டாலர் என்று சொன்னபோது அந்தத் தொகையே கிடைத்தது. தொகை எதையும் சொல்லாமல் விட்டபோது 90 கோடி வரை போனது. அப்போது பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்ட செய்தி இது. நிஜ ஜூரி 1980-இல் 60 கோடி கொடுத்தது. ஏகபோக எதிர்ப்புச் சட்டப்படி மும்மடங்காகி 180 கோடி ஆனது. மேல்முறையீட்டில் அந்தத் தொகை ரத்தாகி, 1985 மறுவிசாரணையில் மும்மடங்காக்கிய பிறகும் சுமார் 11.3 கோடிக்கு இறங்கிவிட்டது. ஜூரியைப் புரிந்துகொண்டால் ஜூரியிடம் ஜெயிக்கலாம். அதற்கு மேலே மேல்முறையீட்டைக் கேட்கும் மூன்று நீதிபதிகளுக்கு இது எதுவும் பொருட்டல்ல.

எந்த வாதத்தை எடுப்பது, எவ்வளவு கேட்பது என்ற கேள்விகளுக்கு ஒத்திகை போதும். வழக்கு ஓட ஆரம்பித்த பிறகு, சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால்தான் நிழல் ஜூரி. அதற்கு வழக்கு குறைந்தது இரண்டு வாரமாவது ஓட வேண்டும். டெக்சாஸின் மார்ஷல் நகரில் நடக்கும் காப்புரிமை வழக்குகளைப் போல, தரப்புக்கு இத்தனை மணி நேரம் என்று கடிகாரம் வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடும் இடங்களில், திங்கள் இரவு தெரிந்த குழப்பத்தைத் திருத்த உங்கள் கணக்கில் நிமிடம் மிச்சம் இருக்காது. செலவும் கொஞ்சமல்ல: ஆட்களின் தினச் சம்பளம், ஆள் தேடித் தரும் நிறுவனம், ஏற்பாட்டை நடத்தும் ஜூரி ஆலோசகர், இரவில் உட்கார்ந்து அறிக்கை எழுதுபவர்கள். தோற்றால் கோடிகள் போகும் வழக்குக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

இரண்டாம் படி: சட்டப் பக்கத்தைச் சரிசெய்வது

கோர்ட் பொதுமக்களுக்குத் திறந்த இடம். யாரும் வந்து உட்காரலாம். மற்றவர் சொல்வதைக் கேட்டுவிடாதபடி சாட்சிகளை வெளியே நிறுத்தும் விதி இவர்களைக் கட்டாது, ஏனென்றால் இவர்கள் சாட்சிகள் இல்லை. அதனால் நிழல் ஜூரி வைப்பது பொதுவாகத் தடை செய்யப்பட்டதல்ல. ஆனால் அந்த நீதிபதி தன் கோர்ட்டுக்கென்று போட்டுவைத்திருக்கும் நிலையாணைகளைப் படித்துப் பார்க்காமல் இறங்கக் கூடாது. முன்கூட்டியே சொல்லச் சொல்லும் நீதிபதிகள் உண்டு, பிடிக்காதவர்களும் உண்டு. நீதிபதி நேராகக் கேட்டுவிட்டால் மழுப்பாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்கும்வரை காத்திருப்பதைவிட முன்பே காதில் போட்டுவைப்பது நல்லது என்பது என் கட்சி.

அடுத்தது, ஆலோசகரோடு பேசியதை எதிர்த்தரப்பு கேட்டு வாங்கிவிடுமா என்ற கேள்வி. வழக்குக்காக வக்கீல் தயாரித்ததற்குப் பாதுகாப்பு உண்டு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947-இல் ஹிக்மன் வழக்கில் நிலைநாட்டியது. அது ஜூரி ஆலோசகருக்கும் பொருந்துமா என்பது சென்டன்ட் என்ற நிறுவனத்தின் பங்கு வழக்கில் எழுந்தது. அந்த ஆலோசகர் வேறு யாருமல்ல, பின்னாளில் டிவியில் 'டாக்டர் ஃபில்' ஆன ஃபில் மெக்ரா. அவரோடு நடந்த பேச்சுக்கும் பாதுகாப்பு உண்டு என்று 2003-இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இந்தப் பாதுகாப்பு நிலைக்க வேண்டுமானால் ஆலோசகரை அமர்த்துவது வக்கீல் அலுவலகமாக இருக்கட்டும், கட்சிக்காரர் நேரடியாக வேண்டாம். எல்லாத் தாளும் வக்கீல் வழியாகவே போகட்டும்.

மூன்றாம் படி: ஆள் தேடுவது

ஜூரி தேர்வு முடிந்த பிறகு ஆள் தேடலாம் என்று உட்கார்ந்தால் கதை முடிந்தது. பல கோர்ட்டுகளில் காலையில் ஜூரி தேர்வு, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தொடக்க உரை. இடையில் இருப்பது ஒரு மணி நேரம். எனவே முன்பே ஒரு பெரிய பட்டியல் தயாராக இருக்க வேண்டும்: நிஜ ஜூரிக்கு ஆள் எடுக்கும் அதே பகுதிக்குள் வசிப்பவர்கள், வழக்கு முடியும்வரை வேலைக்கு விடுப்பு எடுக்கக்கூடியவர்கள், தேவைக்கு மூன்று நான்கு மடங்கு பேர். ஜூரி உறுதியானதும் அந்தப் பட்டியலில் இருந்து பொருத்தமானவர்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

பொருத்தம் என்பதில் வயது, பாலினம், இனம், படிப்பு எல்லாம் வரும். ஆனால் இதோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம், அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வழக்கைத் தொடும் அனுபவம் இதைவிட முக்கியம். நிஜ ஜூரியில் ஒருவர் முப்பது வருடம் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் என்றால், நிழலிலும் தொழிற்சாலை வாசனை தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் வயதில் பத்து வருடம் இளையவராக இருந்தாலும் பாதகமில்லை. ஜூரி அறைக்குள் யார் குரல் எடுபடும் என்று நினைக்கிறீர்களோ, அவருக்கு இணையானவரை முதலில் தேடுங்கள்.

5 அல்லது 6 பேர் நடைமுறைக்கு ஒத்துவரும் எண்ணிக்கை. பாதியில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், இன்னொருவர் வேலை கிடைத்துப் போய்விடுவார். மூன்றே பேரோடு தொடங்கினால் கடைசியில் ஒருவரின் சொந்த அபிப்பிராயம்தான் மிஞ்சும்.

விலக்க வேண்டியவர்கள்: இரு தரப்பு நிறுவனங்களோடும் வக்கீல் அலுவலகங்களோடும் தொடர்புள்ளவர்கள், வழக்கைப் பற்றி முன்பே படித்தவர்கள், நிஜ ஜூரர் யாரையாவது தெரிந்தவர்கள். கடைசி வகை சின்ன ஊர்களில் பெரிய தலைவலி. மார்ஷல் சுமார் 23,000 பேர் கொண்ட ஊர். அப்படிப்பட்ட ஊரில் ஜூரரின் மச்சானோ சர்ச் நண்பரோ உங்கள் பட்டியலில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பக்கத்து ஊர்களில் இருந்து எடுப்பதே உத்தமம்.

நான்காம் படி: யார் அமர்த்தியது என்று தெரியாமல் பார்த்துக்கொள்வது

சம்பளம் தருபவர் யார் என்று தெரிந்த நொடியில் பதில்கள் இனிக்க ஆரம்பிக்கும். மனிதர்கள் அப்படித்தான். எனவே ஒப்பந்தமும் செக்கும் ஆள் தேடித் தரும் நிறுவனத்தின் பெயரில் வர வேண்டும். மாலையில் பேட்டி எடுப்பவர் கோர்ட்டில் வக்கீல்கள் பக்கம் தலைகாட்டவே கூடாது. முடிந்தால் பேட்டி எடுப்பவருக்கே தரப்பு தெரியாமல் வைக்கலாம். இல்லாவிட்டால் கேள்விகளையாவது சரிசமமாக எழுத வேண்டும். வாதியின் சாட்சியைப் பற்றி மூன்று கேள்வி என்றால் பிரதிவாதியின் சாட்சியைப் பற்றியும் அதே மூன்று.

வக்கீல்களும் அடங்கி இருக்க வேண்டும். நிழல் ஜூரர்களின் முகம் தெரிந்துவிட்டால் குறுக்கு விசாரணை நடுவே கண் அந்தப் பக்கம் ஓடும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு பார்வை போதும். வாதாடும் வக்கீலுக்கு அந்த முகங்களைக் காட்டாமலே விடுவது நல்லது.

ஐந்தாம் படி: கோர்ட்டுக்குள் நடந்துகொள்ளும் விதம்

இதைச் சுருக்கமாக எழுதி, முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்து வரக் கூடாது, சேர்ந்து சாப்பிடக் கூடாது, தங்களுக்குள் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. செய்தி படிக்கக் கூடாது, இணையத்தில் தேடக் கூடாது. இதெல்லாம் நிஜ ஜூரிக்கும் உள்ள கட்டுப்பாடுகள்தான்.

நிஜ ஜூரரோடு எந்தத் தொடர்பும் கூடாது என்பதை மட்டும் தினமும் காலையில் திருப்பிச் சொல்ல வேண்டும். லிஃப்ட், கேண்டீன், கழிப்பறை வாசல், பார்க்கிங் என எங்கே எதிர்ப்பட்டாலும் விலகிப் போக வேண்டும். "இன்னைக்கு ரொம்ப போர் அடிச்சுது இல்ல?" என்று யதார்த்தமாக ஒரு வார்த்தை பேசினாலும், உங்கள் சம்பளம் வாங்கும் ஆள் ஜூரரிடம் பேசியதாகவே கொள்ளப்படும். அந்த விசாரணையே ரத்தாகலாம். வக்கீலின் உரிமம் வரை கேள்வி போகலாம்.

ஜூரியை வெளியே அனுப்பிவிட்டு நீதிபதியும் வக்கீல்களும் சட்டம் பேசும் நேரங்கள் உண்டு. எந்த ஆவணத்தை ஜூரிக்குக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்ற சண்டையெல்லாம் அப்போதுதான் நடக்கும். நிழல் ஜூரர் அதைக் கேட்டுவிட்டால் அவர் கெட்டுப்போனார்; நிஜ ஜூரிக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகவே ஒரு கண்காணிப்பாளர் பின்வரிசையில் இருந்து, ஜூரி எழுந்ததும் இவர்களையும் சைகை காட்டி வெளியே அனுப்புவார்.

கூட்டாட்சி நீதிமன்றங்களில், அதாவது மத்திய அரசின் கோர்ட்டுகளில், விசாரணையை ஒளிபரப்ப அனுமதி இல்லை. ஆட்கள் நேரில்தான் உட்கார வேண்டும். கேமரா அனுமதிக்கும் மாநில நீதிமன்றங்களில் வேறிடத்தில் இருந்தபடி பார்க்க வைக்கலாம். ஜூரரை லிஃப்டில் சந்திக்கும் ஆபத்து இல்லை என்பது லாபம். கேமரா காட்டுவதை மட்டுமே பார்ப்பார்கள் என்பது நஷ்டம்.

ஆறாம் படி: மாலைப் பேட்டி

மொத்த ஏற்பாட்டின் உயிர் இங்கேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அரை மணி நேரம். முதல் கேள்வி எப்போதும் திறந்த கேள்வியாக இருக்கட்டும். "அந்த இன்ஜினியர் நம்பும்படி பேசினாரா?" என்று ஆரம்பித்தால் இன்ஜினியர் முக்கியம் என்று நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள்.

ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம். ஃபோர்க்லிஃப்ட் வண்டி மோதிக் கால் போன தொழிலாளி, வண்டி செய்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டிருக்கிறார். நிழல் ஜூரியை அமர்த்தியது நிறுவனம். நாலாம் நாள் மாலை ஒரு பேட்டி:

"இன்றைக்கு நடந்ததில் உங்கள் மனதில் நிற்பது எது?"

"அந்த ஈமெயில்தான். பிரேக் சரியில்லை என்று அவர்கள் இன்ஜினியரே எழுதியிருக்கிறாரே."

"அது எதைப் பற்றிய ஈமெயில்?"

"விபத்தான வண்டியைப் பற்றி."

"அப்படி எதை வைத்து நினைக்கிறீர்கள்?"

"ஸ்கிரீனில் காட்டினார்களே, அதே மஞ்சள் வண்டி."

ஈமெயில் பேசுவது பழைய மாடல் ஒன்றைப் பற்றி. நிறுவனத்தின் வக்கீல் அதை அன்று மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் மாடல் எண்ணை வைத்தே சொன்னார். இரண்டு வண்டியும் மஞ்சள். 5 பேரில் 4 பேர் இதே பதிலைச் சொல்கிறார்கள். வக்கீல் அலுவலகத்தில் இரண்டு வருடமாக அந்த எண்களோடு வாழ்பவர்களுக்கு இது தோன்றியே இருக்காது.

இந்த இடத்தில் பேட்டி எடுப்பவர் "இல்லைங்க, அது வேறு வண்டி" என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு சின்னத் தெளிவுரை கூடக் கூடாது. நாளைக்கு வக்கீல் செய்யப்போகும் திருத்தம் பலித்ததா என்று பார்க்க இந்த ஆள் இதே குழப்பத்தோடு மறுபடி கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். "அப்படி எதை வைத்து நினைக்கிறீர்கள்?" என்ற கேள்விதான் இந்தத் தொழிலின் மூலதனம். அது இல்லாமல் வரும் அறிக்கையில் "ஜூரிக்கு ஈமெயில் பிடிக்கவில்லை" என்று மட்டும் இருக்கும். அதை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

திறந்த கேள்விகளுக்குப் பிறகு சாட்சிகளுக்கு மதிப்பெண் கேட்கலாம், இன்னும் விடை கிடைக்காத கேள்வி எது என்று கேட்கலாம். "யார் ஜெயிப்பார்கள்?" என்று தினமும் கேட்கும் பழக்கம் சில ஆலோசகர்களுக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தினமும் பக்கம் சாயச் சொன்னால், சாய்ந்த பக்கத்துக்குக் காரணம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். வாரக் கடைசியில் ஒரு முறை கேட்டால் போதும்.

அறிக்கை இரவு பத்து மணிக்குள் வக்கீல் கைக்குப் போக வேண்டும், இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நிழல் ஜூரர் சொன்ன சொற்களையே அப்படியே கொடுங்கள். ஆலோசகர் தன் மொழியில் மெருகேற்றினால் "மஞ்சள் வண்டி" காணாமல் போய்விடும்.

ஏழாம் படி: அறிக்கையை வைத்து என்ன மாற்றுவது

மறுநாள் காலை அதே சாட்சி இன்னும் கூண்டில் இருந்தால், அவரிடம் மறுபடி கேள்வி கேட்கும்போது இரண்டு வண்டிப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "கூரை வைத்தது எது, கூரை இல்லாதது எது?" என்று ஆரம்பிக்கலாம். அப்புறம் வழக்கு முடியும்வரை எண்களை மறந்துவிட்டு 'கூரை வண்டி', 'கூரையில்லாத வண்டி' என்றே பேச வேண்டும். சாட்சி போய்விட்டால் அடுத்த சாட்சி வழியாகவோ இறுதி வாதத்திலோ செய்து கொள்ளலாம்.

நிழல் ஜூரியால் தீரக்கூடிய பிரச்சினைகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான்: யார் யார் என்ற குழப்பம், எது முதலில் நடந்தது என்ற குழப்பம், புரியாத கணக்கு, எரிச்சலூட்டும் ஒரு பழக்கம். குறுக்கு விசாரணையில் அந்தக் காயம்பட்ட மனிதரிடம் கடுமையாகப் பேசியது பிடிக்கவில்லை என்று இரண்டு பேர் சொன்னால் நாளைக்குக் குரலைத் தணிக்கலாம். ஆனால் வழக்கின் அடித்தளத்தையே நடுவில் மாற்றக் கூடாது. தொடக்க உரையில் ஒரு கதையைச் சொல்லிவிட்டு இரண்டாம் வாரம் வேறு கதைக்குத் தாவினால் நிஜ ஜூரி அதைக் கவனிக்கும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஐந்து பேரில் நாலு பேர் உங்கள் பக்கம் என்றால் ஜூரியில் எண்பது சதவீதம் உங்கள் பக்கம் என்று அர்த்தமில்லை. நாலு பேருக்கு ஒரே குழப்பம் என்றால், அந்தக் குழப்பம் ஜூரியிலும் சிலருக்காவது இருக்கும் என்று நம்பலாம். அதற்கு மேல் நீட்டக் கூடாது. தவிர, தினமும் கேள்வி கேட்கப்படுவதால் நிழல் ஜூரர்கள் நிஜ ஜூரர்களைவிடக் கூர்மையாகக் கவனிப்பார்கள். அவர்களுக்கே புரியவில்லை என்றால் நிலைமை மோசம்; அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்பதற்காக நிம்மதியாகத் தூங்க முடியாது.

அறிக்கையை இனி வரப்போகும் சாட்சிகளிடம் காட்டவே கூடாது. சாட்சிகளை வெளியே நிறுத்தும் உத்தரவு இருக்கும்போது, உள்ளே யார் என்ன சொன்னார் என்பது இந்த அறிக்கை வழியாக அவர்களுக்குக் கசிந்தால் அது உத்தரவு மீறல்.

எட்டாம் படி: ஜூரி உள்ளே போன பிறகு

இறுதி வாதமும் நீதிபதியின் அறிவுரையும் முடிந்து ஜூரி கதவைச் சாத்திக்கொண்டதும், நிழல் ஜூரர்களை முதன்முறையாக ஓர் அறையில் கூட்டுங்கள். அதே அறிவுரைகளையும் தீர்ப்புப் படிவத்தையும் கொடுத்து விவாதிக்க விடுங்கள். பக்கத்து அறையில் இருந்து பாருங்கள். இத்தனை நாள் தனித்தனியாகச் சொன்னவர்கள் ஒன்றாக உட்கார்ந்ததும் தலைகீழாக மாறுவதைப் பார்க்கலாம். வாயே திறக்காதவர் ஒருவர் எல்லோரையும் இழுத்துப் போவார்.

இதன் பயன் சமரசத்துக்கு. ஜூரி உள்ளே இருக்கும் அந்த மணி நேரங்களில் இரு தரப்பும் தொகை பேசுவது வழக்கம். தீர்ப்பு எதுவானாலும் இதற்குக் குறையாது, இதற்கு மேல் போகாது என்று எல்லை வைத்து ஒப்பந்தம் போடுவதும் உண்டு. நிழல் ஜூரி பொறுப்பு யார் மீது என்பதில் பிரிந்து நிற்கிறதா, தொகையில் மட்டும் பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். தொகையில் மட்டும் என்றால் பிரதிவாதி சமரசத்துக்கு அவசரப்பட வேண்டிய நேரம் அது.

தீர்ப்பு வந்த பிறகு, வெளியே எதையும் சொல்லக் கூடாது என்ற ரகசியக்காப்பு ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருக்கிறது என்று எழுத்தில் நினைவூட்டிவிட்டு, குறிப்பேடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சம்பள பாக்கியைத் தீர்த்து அனுப்புங்கள். நிஜ ஜூரர்களிடம் பேசி இரண்டையும் ஒப்பிட ஆசை வரும். பல கூட்டாட்சி நீதிமன்றங்களின் உள்ளூர் விதிகள் நீதிபதியின் அனுமதி இல்லாமல் ஜூரரை அணுக விடுவதில்லை. முதலில் மனு போடுங்கள்.